1828க்கு முன் அவர் இங்கே இருந்தார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில், 1828இல் கவர்னர் ஜெனரலாக வந்த வில்லியம் பெண்டிங் பிரபு பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை என் கண்ணாடி மேல் சந்தேகம். '1828இல் முதன்முறையாக இந்திய மண்ணில் கால் வைத்த பெண்டிங்' என்றுதான் அச்சாகியிருந்தது.

1803லேயே அவர் சென்னைக்குக் கவர்னராக வந்தவர் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. போர்ட்லண்ட் கோமகனின் இரண்டாவது மகன். 16 வயதில் பட்டாளம், 21இல் நாடாளுமன்றம், 28இல் சென்னை ராஜதானி. (நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த வயதில் டிஎன்பிஎஸ்சி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.)

சரி, வருடம் தவறியதோடு போகட்டும் என்றால், கூடவே வேலூரும் அல்லவா காணாமல் போகிறது! நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, தாடியை எடு, கடுக்கனைக் கழற்று, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையை அணி என்று சிப்பாய்களுக்கு உத்தரவு போட்டவர் தளபதி கிரடாக். அதற்குத் துணைநின்றது பெண்டிங்கின் அரசு. மறுத்தவர்களுக்குச் சாட்டையடி. 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்களின் புரட்சி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினார். பிடிபட்டவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மறு வருடம் பெண்டிங்கையும் கிரடாக்கையும் கிழக்கிந்தியக் கம்பெனி திருப்பி அழைத்துக்கொண்டது. பெண்டிங்கின் அப்பா இங்கிலாந்தின் பிரதமரானதும் அதே 1807இல்தான். அப்படியிருந்தும் மகனுக்குச் சீட்டுக் கிழிந்தது!

எனக்கு அந்த மனிதர் மேல் பகை இல்லை. 1829இல் உடன்கட்டையைத் தடுத்தவர். 1835இல் இந்தியச் சிப்பாய்களுக்குச் சாட்டையடியையே நிறுத்தியவர். வேலூர் அவரை எவ்வளவு சுட்டிருந்தால் இந்தக் கடைசிக் காரியத்தைச் செய்திருப்பார்! ஆனால் தங்கள் கட்டுரையாளருக்குத்தான் வேலூரே கிடையாதே.

31 வருடம் வரலாறு நடத்தியவன் நான். 'பெண்டிங், உடன்கட்டை, 1829' என்று ஒப்பிக்கும் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப்போய், இங்கே நடந்ததும் இவர் காலத்தில்தான் என்று சொன்னால், "வேற பெண்டிங்கா சார்?" என்று கேட்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். தாங்களும் மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சுதந்திர தினச் சிறப்பிதழில் 1857க்கு முன்னால் சிப்பாய்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததுபோல எழுதினீர்கள். அப்போதும் கடிதம் போட்டேன். பதில் இல்லை. அப்புறம் சுற்றுலா மலர் வந்தது. வேலூருக்கு ஒரு பக்கம் ஒதுக்கினீர்கள், மகிழ்ச்சி. அதில் பாதிப் பக்கம் பிரியாணிக்குப் போய்விட்டது. ஆற்காடு, ஆம்பூர்க்காரர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில் இரண்டு வரி 'பிழை திருத்தம்' போதும்.

இன்னொன்று. அந்தச் சுற்றுலா மலருக்காக நான் அனுப்பிய கோட்டைப் படத்தைத் திருப்பித் தரும்படி சுயவிலாச உறையும் வைத்திருந்தேன். படம் வரவில்லை, உறையும் வரவில்லை. உறையில் ஒட்டியிருந்தது வேலூர்ப் புரட்சிக்காக 2006இல் அஞ்சல்துறை வெளியிட்ட தபால்தலை. உறையையாவது அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
வேலூர்.