காலைப் பார், கண்ணு

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். போன தை மாதம் நீ லீவில் வால்பாறை வந்தபோது ஓடைப் பக்கம் ஒரு குருவியைப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சாதாரணப் பழுப்பு ஈப்பிடிப்பான்தான் என்றேன். "இல்லப்பா, கால் வெளுப்பா இருந்துச்சு" என்றாய். நான் கேட்கவில்லை. நீ சொன்னதுதான் சரி, கண்ணு.

இந்த ஐப்பசியில் மறுபடி வந்துவிட்டது. நேற்று விடிந்தும் விடியாத நேரம், காப்பிச் செடிக்குள் இடுப்புயரக் கிளையில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அட்டை காலில் ஏறியதுகூடத் தெரியாமல் நின்றேன். பூச்சி ஒன்று பறக்க, சட்டென்று எழும்பிக் கவ்விக்கொண்டு பக்கத்துக் கிளையில் வந்தமர்ந்தது. தலையைத் திருப்பியபோது கீழ் அலகு தெரிந்தது: அடியிலிருந்து நுனிவரை மஞ்சள். கால்கள் வைக்கோல் நிறம். வெள்ளைத் தொண்டைக்குக் கீழே, காப்பி சிந்தித் துடைத்த துணிபோல நெஞ்சு. பழுப்பு நெஞ்சு ஈப்பிடிப்பானேதான்!

சாதாரணப் பழுப்பு ஈப்பிடிப்பானுக்குக் கால் கருப்பு. கீழ் அலகு அடியில் மட்டும் வெளுத்து, நுனி கருத்திருக்கும். கண்ணைச் சுற்றிய வளையத்தை மட்டும் நம்பிவிடாதே, அது இரண்டுக்கும் உண்டு. நான் ஏமாந்தது அதில்தான்.

இதன் அறிவியல் பெயர் மஸ்கிகாப்பா முத்துயி. இலங்கையில் இருந்த எட்கர் லேயர்டு என்ற வெள்ளைக்காரர், தன்னிடம் வேலை பார்த்த முத்துவின் பெயரை 1854-இல் இதற்கு வைத்தார். உலகத்தில் எந்த நாட்டுக்காரர் இந்தக் குருவியைப் பற்றி எழுதினாலும் நம் முத்துவை எழுதித்தான் ஆகவேண்டும். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

இன்னொன்று. இது குஞ்சு பொரிப்பது உங்கள் வடகிழக்கு மலைகளில், அப்புறம் பர்மா, சீனப் பக்கம். பத்துப் பன்னிரண்டு கிராம் உடம்பு, அவ்வளவு தூரம் பறந்து நம் தோட்டத்துக்கு வருகிறது. சித்திரை வாக்கில் இங்கே காணாமல் போகும். அப்போது ஷில்லாங்கில் நீ தேடு. உயரமான மரத்தை அண்ணாந்து பார்க்காதே, ஓடையோரப் புதருக்குள் பார். உன் பைனாகுலரைத் துடைத்து அம்மாவின் முறுக்குப் பார்சலில் வைத்திருக்கிறேன். பார்த்தால் ராத்திரியானாலும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா