சபைகளின் பழைய நினைவுகளைத் திரட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரியின் பழைய தேவாலயங்களைப் பற்றி எழுதுவோர், 1830இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட உதகை புனித ஸ்தேவான் ஆலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை என்பதைச் சொல்லத் தவறுவதில்லை. இம்மலையின் ஆலயங்களுக்குள் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியோ அரிதாகவே யாரும் எழுதுகிறார்கள்.

என் சிறுவயதில் கிறிஸ்துமஸைவிட (இதை என் தாயார் ஒப்புக்கொள்ள மாட்டார்) விளைச்சலுக்கு நன்றி சொல்லி அதில் ஒரு பங்கை ஆலயத்தில் படைக்கும் அறுப்பின் பண்டிகையே எங்களுக்குப் பெரிதாக இருந்தது. மண் ஒட்டிய கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகளிலிருந்து வந்த கோழி என எல்லாம் ஆல்டருக்கு முன் குவிந்திருக்க, பாமாலைக்கு நடுவே அந்தக் கோழி விடாமல் கொக்கரித்துக்கொண்டிருக்கும். ஆராதனைக்குப் பின் வெளியே நடக்கும் ஏலத்தில், முட்டைக்கோசு ஒன்றை எடுத்தவர் அதைச் சபைக்கே திருப்பிக் கொடுத்துவிட, அது மறுபடியும் ஏலத்துக்கு வந்து சந்தை விலையைப்போலப் பல மடங்குக்குப் போகும். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனங்கள் பல மறந்துவிட்டன; ஏலம் கூறியவரின் குரல் மறக்கவில்லை.

இப்போது எங்கள் சபையில் காய்கறிக்குப் பதிலாகக் காணிக்கை உறைகளே பெரும்பாலும் வருகின்றன. வசதிதான், மறுக்கவில்லை. ஆயினும், அந்நாள்களை அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அவர்களது நினைவுகளையும் பழைய புகைப்படங்களையும் சபைகள் திரட்டி வைக்க வேண்டும். தங்கள் நாளிதழும் இதற்கென வாரம் ஒரு பத்தி ஒதுக்கினால் இம்மலையிலிருந்து பலர் எழுதுவர்.

இப்படிக்கு,
வாசகர், குன்னூர்