துணிச்சல் அல்ல, கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம். சீட்டாட்டம் என்றாலே அதிர்ஷ்டம் என்று எழுதிவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. அல்சூரில் எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை நானும் மச்சானும் போக்கர் ஆடுவோம், காசு கிடையாது, புளியங்கொட்டைதான். போன வாரம் நடுவில் 100 கொட்டை இருந்தது, கடைசிச் சீட்டு விழுந்ததும் அவர் இன்னொரு 100-ஐத் தள்ளினார். என்னிடம் ஒன்பது ஜோடி மட்டும்.

மடக்குவதா (நடுவில் இருப்பதை விட்டு விலகுவதா), பார்ப்பதா (நானும் 100 போட்டு அவர் சீட்டைக் காட்டச் சொல்வதா)? 100 போட்டால் கிடைக்கக்கூடியது 200, அதாவது மூன்றில் ஒரு முறை நான் ஜெயித்தாலே நஷ்டமில்லை. அவர் 50 மட்டும் தள்ளியிருந்தால் நான்கில் ஒரு முறை போதும். இருவர் மட்டும் ஆடும்போது, மட்டமான சீட்டை வைத்துக்கொண்டு நல்லது போலத் தள்ளும் அவர் பொய்யைப் பிடிக்க மூன்றாவது ஆள் இல்லை, அவர் இப்படி 100-க்கு 100 தள்ளும்போது நான் பாதி முறைக்கு மேல் மடக்கினால் அவர் எந்தக் குப்பையை வைத்துத் தள்ளினாலும் லாபம்தான். அப்புறம் தரையில் இருவருக்கும் பொதுவாக விரித்த முதல் மூன்று சீட்டில் இரண்டு ஆட்டின், கடைசிவரை மூன்றாவது ஆட்டின் வரவே இல்லை, என் கையிலும் ஆட்டின் கிடையாது, அதனால் அவர் கையில் இரண்டு ஆட்டின் வைத்து, ஐந்து ஆட்டின் சேரக் காத்திருந்து ஏமாந்திருக்க வாய்ப்பு கூடுதல். பார்த்தேன். அவரிடம் ராஜா ஜோடி, தோற்றேன். ஆனாலும் அந்த முடிவு சரிதான் என்றே சொல்வேன்.

2017-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேடஸ் என்ற கணினி நிரல், இருவர் ஆடும் போக்கரில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கை (சுற்று) ஆடி, மொத்தக் கணக்கில் வென்றது. வெறும் அதிர்ஷ்டத்தால் அத்தனை கை ஆடியும் ஜெயிக்க முடியுமா? இதையும் உங்கள் பக்கத்தில் எழுதுங்கள்.

ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு