காங்கேசன்துறைக் கல் கிடங்குகளில் குப்பை நிரப்ப அனுமதி வழங்காதிருக்கக் கோரும் மனு

அரசாங்க அதிபர் / மாவட்டச் செயலாளர்,
மாவட்டச் செயலகம்,
யாழ்ப்பாணம்.

ஐயா / அம்மணி,

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கி, 1990இல் போரினால் நின்றது. களிமண் மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து வந்தது. சுண்ணாம்புக்கல்லை இவ்விடத்திலேயே வெட்டினார்கள். சீமெந்தாக அரைக்கப்படும் சுட்ட கட்டியான கிளிங்கர் ஒரு தொன்னுக்குச் சுமார் ஒன்றரைத் தொன் கல் வேண்டும். வெட்டிய கிடங்குகள் இன்றும் கிடக்கின்றன. அவற்றைக் குப்பையாலோ கட்டட இடிபாடுகளாலோ நிரப்ப எவருக்கும் அனுமதி வழங்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

இது பல மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த கல். மழைநீர் அரித்து உள்ளே வெடிப்புகளும் குகைவழிகளும் உண்டாகியுள்ளன. கீரிமலையில் கடலோரம் நன்னீர் ஊறுவது அதனால்தான். மேலே கிடந்த செம்மண்தான் நீரை வடித்துத் தந்தது. கல் வெட்டுமுன் வழித்தெடுக்கப்பட்டதும் அதுவே. சுண்ணாம்புக்கல்லும் வடிக்கும் என்று சொல்வோர் உண்டு. மணல் வடிக்கும்; வெடித்த கல் கடத்தும். கிடங்கின் அடியில் கொட்டிய குப்பையின் கசிவு மண்ணையே காணாமல் கிணறுகளுக்குப் போய்விடும்.

நீரை இறைத்துவிட்டு நிரப்பலாம் என்ற யோசனை இன்னும் மோசம். இங்கு நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். நீர்மட்டம் 10 சதமமீற்றர் இறங்கி அப்படியே நின்றால், உவர் எல்லை காலப்போக்கில் ஏறத்தாழ 4 மீற்றர் மேலேறும். அப்படி ஏறிய உவர் ஒரு மாரி மழையில் இறங்கிவிடாது.

ஆகவே முதலில் அளவை வேண்டும். கிடங்குகளின் ஆழத்தைத் தரைமட்டத்திலிருந்து அல்ல, கடல்மட்டத்திலிருந்து குறிக்க வேண்டும். கிடங்கு நீரிலும் சுற்றுக் கிணறுகளிலும் தை மாதத்தில் ஒரு தடவை, ஆவணிக் கோடையில் ஒரு தடவை, ஒவ்வொரு மீற்றர் ஆழத்துக்கும், உவரைக் காட்டும் மின்கடத்துதிறன் பார்க்க வேண்டும். மேல்நீரை மட்டும் போத்தலில் அள்ளினால் உவர் தெரியாது. நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். மோட்டர் போடுமுன் அளவு எடுப்பது அவசியம், இறைத்தால் அடுக்குகள் கலந்துவிடும். நைத்திரேற்று, மலக் கழிவு கலந்ததைக் காட்டும் கோலிபோம் கிருமி ஆகியவற்றுக்கான சோதனைகளும் தேவை.

கிடங்கு விளிம்புகளில் கல்லின் அடிப்பகுதி குடைபட்டிருக்கக்கூடும். வேலியை விளிம்பிலேயே நடாமல் பின்தள்ளி நட வேண்டும்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ் இனிமேல் இங்கு அகழ்வுக்கு அனுமதி வழங்கப்பட்டால், மாரிகால நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டக்கூடாது என்ற நிபந்தனையைச் சேர்க்குமாறு புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்துக்குத் தாங்கள் எழுத வேண்டும்.

இங்ஙனம்,
வலிகாமம் வடக்குக் கமக்காரர்களும் புவியியல் ஆசிரியர்களும்