அந்த டேப்புகளை இந்தக் கோடைக்குள் படியெடுங்கள்

மதிப்பிற்குரிய பல்கலைக்கழக இசை நூலகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். செப்டம்பரிலிருந்து மூன்று முறை ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. உங்களிடம் தமிழ் படிக்கத் தெரிந்த மாணவர்கள் உண்டு. அவர்களில் யாராவது இதை உங்கள் மேசைக்குக் கொண்டுவருவார்கள் என்று நம்பி என் மொழியிலேயே எழுதுகிறேன்.

கீழ்த்தள அறையில் கிடக்கும் பழைய கச்சேரி டேப்புகளைப் பற்றித்தான். போன மாதம் ஒரு பெட்டியைத் திறந்து பார்க்க அனுமதித்தீர்கள், நன்றி. மேலட்டையில் பென்சிலால் எழுதிய தேதியும் பெயரும் பாதி அழிந்திருந்தன. நாடாவைத் தொட்டேன், விரலில் பழுப்பாக ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்து நாடாக்கள் பலவற்றில் காந்தத் தூளைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். அப்படியே ஓடவிட்டால் ஒலியும் உரிந்து போய்விடும். இளஞ்சூட்டில் பல மணிநேரம் வைத்தெடுத்தால் கொஞ்ச காலம் ஓடும். அதற்குள் படியெடுத்துவிட வேண்டும். உங்களுக்குத் தெரியாததா?

அமெரிக்க இசையமைப்பாளர் ஜூலியஸ் ஈஸ்ட்மனையும் உங்களுக்குத் தெரியும். அவர் படைப்பை உங்கள் அரங்கில் வாசித்த அன்று கையேட்டில் ‘மறக்கப்பட்ட மேதை’ என்று அச்சிட்டிருந்தீர்கள். மறந்தது யார்? ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக்கல்லூரியில் படித்தவர், பஃபலோ பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காமல் வாழ்ந்தவர். 1980-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் அவரை வீட்டிலிருந்து வெளியேற்றி, சாமான்களைத் தெருவில் போட்டார்கள். அவற்றோடு இசைக்குறிப்புத் தாள்களும் போயின. கைப்பட எழுதிய தாள்கள், நகல் இல்லாதவை. அதன்பின் பூங்காவில் படுத்துறங்கினார். 1990 மே 28 அன்று பஃபலோ மருத்துவமனையில் இறந்தபோது வயது 49. பத்திரிகையில் இரங்கல் செய்தி வரவே எட்டு மாதம் ஆயிற்று. எட்டு மாதம்!

பத்து செல்லோ என்னும் தந்தி வாத்தியங்களுக்கு, பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கின் பெயரில் 1981-ல் அவர் எழுதிய படைப்பின் தாள்களும் தொலைந்தன. அதைத் தேடி 1998-ல் புறப்பட்ட இசையமைப்பாளர் மேரி ஜேன் லீச், தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழைய பதிவுகளைச் சேர்த்தார். 2005-ல் அவை மூன்று குறுந்தகடுகளாக வெளிவந்தன. அந்தச் செல்லோ இசையைப் பின்னாளில் பதிவைக் கேட்டே மறுபடி எழுதியெடுத்தார்கள். யாரோ ஒருவர் டேப்பைப் பத்திரமாக வைத்திருந்ததால் பிழைத்த இசை அது.

உங்கள் கீழ்த்தளத்தில் யாருடைய இசை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது, ஏனென்றால் பட்டியலே இல்லை. புது அரங்கின் முகப்புக்குப் பணம் கிடைக்கிறது, திறப்பு விழாவுக்குக் கிடைக்கிறது. உயிரோடு இருக்கும்போது வாடகைக்குக் கூட வழியில்லாமல் விட்டுவிட்டு, செத்தபின் கையேட்டில் மேதை என்று போடுகிற வழக்கம் எல்லா நிறுவனங்களுக்கும் சுலபமாக வந்துவிடுகிறது.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: இந்தக் கோடைக்குள் அந்த டேப்புகளைப் படியெடுங்கள். எல்லாவற்றுக்கும் பணமில்லை என்றால் பிசுபிசுக்கத் தொடங்கியவற்றையாவது முதலில் எடுங்கள். பெட்டிகளுக்குப் பட்டியல் எழுத ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமைதோறும் நான் வருகிறேன், கூலி வேண்டாம். சாவியை மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கச்சேரிகளுக்குத் தவறாமல் வரும் ஒருவர்