கடலோரக் கற்சின்னத்திற்கு நடை: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு காலை நாம் நடக்கவிருக்கும் கடலோரப் பாதை ஏற்றமில்லாதது என்பதால் முதியவர்களும் தயங்காமல் வரலாம். உயர் ஓதத்திற்கும் (கடல்நீர் மிக உயர்ந்திருக்கும் நேரம்) தாழ் ஓதத்திற்கும் (மிகத் தாழ்ந்திருக்கும் நேரம்) இடையே ஏறக்குறைய 6 மணி 12 நிமிடமே இருப்பதால், நீர் வடியத் தொடங்கியதும் கிளம்பி, மீண்டும் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். கடல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பிரான்சின் எர் லானிக் தீவில் பழங்கால மக்கள் தரையில் நட்ட கற்களில் பல இன்று நீருக்குள் இருக்கின்றன.

நாம் காணப்போகும் கற்சின்னத்தில், சாய்வெயிலில்தான் தேய்ந்த செதுக்கல்கள் நிழல்கோடுகளாக எழுந்து தெரியும். அதற்காகவே இவ்வளவு முன்னதாகப் புறப்படுகிறோம். கல்லில் படர்ந்திருக்கும் சாம்பல்நிறக் கற்பாசியில் பல வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. தயவுசெய்து யாரும் அதைச் சுரண்ட வேண்டாம், கல்மேல் ஏறவும் வேண்டாம். வருவோர் சனிக்கிழமை மாலைக்குள் இங்கே பெயரைப் பதிவிடவும்.