கவாத்துக் கத்தரியைக் கையில் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

மே மாதம் பிறந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோவுக்குப் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் நான் செய்துவந்த விவசாய ஆசிரியர் பயிற்சி முடியப்போகிறது. பள்ளியில் உதவியவர்களுக்கு ஆங்கிலத்தில் ஆளுக்கொரு கார்டு எழுதிக் கொடுத்தாயிற்று. ஆனால் கார்டில் எவ்வளவுதான் எழுத முடியும்? அதுவும் போக, "கோயம்புத்தூரில் பி.எஸ்சி. அக்ரி படித்துவிட்டு அமெரிக்காவில் பள்ளிக்கூட வாத்தியாராகவா போகிறாய்?" என்று ஃபோன் போட்டுக் கேட்ட சொந்தபந்தம் எல்லோருக்கும் ஒரே இடத்தில் பதில் சொன்ன மாதிரியும் இருக்கும்.

ஆமாம், வாத்தியாராகத்தான் போகிறேன். இங்கே உயர்நிலைப் பள்ளியிலேயே விவசாயம் ஒரு பாடம். 1917-ல் வந்த சட்டம் ஒன்று அதற்கு மத்திய அரசின் பணத்தை ஒதுக்கியது. 1928-ல் கான்சாஸ் சிட்டியில் விவசாய மாணவர்களுக்கென்று எஃப்.எஃப்.ஏ. என்ற அமைப்பும் தொடங்கினார்கள். நீலநிற கார்டுராய் ஜாக்கெட் போட்ட பிள்ளைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், அவர்கள்தான். பெண் பிள்ளைகளைத் தேசிய அளவில் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1969-ல்தான். இன்று எங்கள் பள்ளிக் கிளையின் தலைவி பன்னிரண்டாம் வகுப்புப் பெண். கூட்டம் தொடங்கும்போது ஒவ்வொரு பொறுப்பாளரும் தனக்குரிய சின்னத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும். தலைவிக்கு உதயசூரியன், செயலாளருக்குச் சோளக்கதிர், ஆசிரியருக்கு ஆந்தை. நான் ஆந்தை பக்கத்தில் நிற்கும் ஃபோட்டோவைப் பார்த்த அம்மா, "வேற எதுவுமே கிடைக்கலையாடி உனக்கு?" என்று கேட்டாள். அது அறிவுக்கு அடையாளம் அம்மா, சகுனம் பார்க்காதே.

முதல் நன்றி என் வழிகாட்டி ஆசிரியருக்கு. இருபது வருஷத்துக்கும் மேலாக அதே பட்டறை, அதே தொழுவம். விடியும் முன்பே வந்து ஆட்டுக்குத் தீவனம் போட்டுவிட்டுத்தான் முதல் பீரியடுக்குள் நுழைவார். இப்படிப்பட்ட மனிதர் தன் வகுப்பைப் புதிதாக வந்த ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது லேசான காரியமில்லை. பாடம் சொல்லித் தருவதைவிட அதுதான் கஷ்டம் என்று நினைக்கிறேன்.

கவாத்து, அதாவது வேண்டாத கிளைகளை வெட்டிவிடும் வேலை, அந்தப் பாடத்தைச் சொன்னால் உங்களுக்கே புரியும். ஜனவரியில் இலையெல்லாம் உதிர்ந்து திராட்சைக் கொடிகள் மொட்டையாக நிற்கும். பள்ளிக்கு அருகில் உலர்திராட்சைக்காகத் தோட்டம் வைத்திருக்கும் பஞ்சாபிப் பெரியவர் ஒருவர், பிள்ளைகள் பழக இரண்டு வரிசையை விட்டுக்கொடுத்தார். அவருக்கும் ஒரு பெரிய கும்பிடு. தாம்சன் சீட்லெஸ் என்ற விதையில்லாத் திராட்சை ரகத்தில் கிளையின் அடி மொட்டுகள் சரியாகக் காய்க்காது. அதனால் போன பருவத்தில் வளர்ந்த நல்ல கிளைகளாக நான்கைந்து தேர்ந்தெடுத்து, கிளைக்குச் சுமார் பதினைந்து மொட்டு வருகிற நீளத்துக்கு விட வேண்டும். அடுத்த வருஷக் கிளைகளுக்காக இரண்டு மொட்டு வைத்த குட்டைக் கிளைகள் சில வேண்டும். மற்றதெல்லாம் வெட்டுதான், பத்தில் ஒன்பது பங்கு தரைக்குப் போய்விடும். தப்பான கிளையை வெட்டினால் அந்தக் கொடியில் அந்த வருஷ மகசூல் அடிபடும். தேனி மாவட்டத்துக் கம்பம் ஊர்ப் பக்கம் பந்தலில் ஏற்றிய பன்னீர் திராட்சையைப் பார்த்துப் பழகிய எனக்கு, கம்பியில் கட்டிய இந்தக் கொடிகளின் அமைப்பே வேறாக இருந்தது.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கத்தரியோடு கொடியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், வெட்டத் துணிச்சல் வரவில்லை. பெரியவர் வரப்பில் டீ கிளாஸோடு நிற்கிறார். என் வழிகாட்டியோ வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு ஃபோனைப் பார்க்கிறார். வாயைத் திறக்கவேயில்லை. அப்போது வகுப்பில் பெரும்பாலும் பேசாத ஒரு பையன் முன்னால் வந்தான். அவன் அப்பா குளிர்காலம் முழுக்கக் கவாத்து வேலைக்குப் போகிறவர். வெயில் பட்ட கிளை உருண்டையாக, பழுப்பாக, கணுக்கள் நெருங்கி இருக்கும். நிழலில் வளர்ந்தது தட்டையாக, கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு நீண்டிருக்கும் என்று பாதி ஸ்பானிஷிலும் பாதி ஆங்கிலத்திலும் காட்டிக்கொண்டே போனான். எனக்குப் புத்தகத்தில் தெரிந்த விஷயம்தான். ஆனால் விரலால் தடவிப் பார்த்து அரை நொடியில் முடிவெடுப்பதை அவனிடம்தான் கற்றேன். அன்றைக்கு வகுப்பை அவனிடமே விட்டுவிட்டேன். சாயங்காலம் வழிகாட்டி சொன்னது ஒரே வாக்கியம்: நாளைக்கும் அவனையே முன்னால் நிறுத்து. தம்பி, உனக்கும் உன் அப்பாவுக்கும் நன்றி.

அப்புறம் பட்டறை. வேளாண் கல்லூரியில் மண்ணியல் படித்தேன், உழவியல் படித்தேன், பூச்சியியல் படித்தேன். வெல்டிங் மெஷினைத் தொட்டதில்லை. இங்கே விவசாய ஆசிரியருக்கு வெல்டிங் தெரியாவிட்டால் வேலைக்கு ஆகாது, ஆட்டுக்குத் தீவனத்தொட்டி முதல் டிரெய்லர் வரை பிள்ளைகளே செய்கிறார்கள். பள்ளி விட்ட பிறகு தன் நேரத்தைக் கொடுத்துக் கற்றுத்தந்த பட்டறை ஆசிரியருக்கும், என் முதல் வெல்டிங்கைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்ட பதினோராம் வகுப்புக்கும் நன்றி.

மாங் இனத்து மாணவி ஒருத்தியின் பாட்டியை எப்படி விட முடியும்? லாவோஸிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர், சின்னச் சின்னத் தோட்டங்களில் எலுமிச்சைப்புல், பாகல், காராமணி என்று போடுகிறார்கள். மாணவர்கள் வகுப்புக்கு வெளியே சொந்தமாக ஏதாவது வளர்த்து, வரவு செலவுக் கணக்கும் எழுத வேண்டும். அதைப் பார்க்க ஆசிரியர் வீடு வீடாகப் போவது வழக்கம். அப்படிப் போனால் வரிசையாக முருங்கை நிற்கிறது! பாட்டிக்கு ஆங்கிலம் வராது, எனக்கு மாங் வராது. நான் கீரையை உருவிய விதத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் கிடையாது. கல்லூரிக் கட்டணத்தையும் நாம்தான் கட்ட வேண்டும். விவசாய ஆசிரியர் பற்றாக்குறை என்று நாடு முழுக்கச் சொல்லிக்கொண்டே இப்படி வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டில் ஒருவர் சம்பாதிக்காவிட்டால் என்னால் வந்திருக்கவே முடியாது. ஒற்றைச் சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டிக்கொண்டு, நான் சாணி மணக்கும் பூட்ஸோடு வரும்போதெல்லாம் முகம் சுளிக்காமல் கராஜ் கதவைத் திறந்துவிட்ட வீட்டுக்காரருக்கு நன்றி. பொள்ளாச்சியிலிருந்து வந்து, குளிரில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பேத்தியைப் பார்த்துக்கொண்டாள் அம்மா. அவளுக்கு நன்றி சொன்னால் திட்டுவாள், ஆனாலும் சொல்கிறேன்.

இங்கே வகுப்பு எடுப்பதை வீடியோ பிடித்து, ஏன் அப்படி எடுத்தோம் என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினால்தான் ஆசிரியர் உரிமம். கணக்கு டீச்சரான நம் ஊர் அக்கா ஒருவர், தன் பரீட்சைத் தாள்கள் மலையாகக் கிடக்க, என் எழுத்தை ராத்திரி உட்கார்ந்து வரிக்கு வரி படித்துத் திருத்தினார். அக்கா, அந்தக் கடனுக்கு இந்த வருஷம் உங்கள் வீட்டுத் தோட்டத்துக்குக் கவாத்து என் பொறுப்பு.

இன்னும் ஒரு வேலை பாக்கி. அன்னையர் தினத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, பள்ளிப் பசுமைக்குடிலில் நாற்று விற்பனை. தக்காளி, மிளகாய், பூச்செடிகளோடு என் பிடிவாதத்தில் கத்தரியும் வெண்டையும் போட்டிருக்கிறோம். பணம் முழுக்கப் பிள்ளைகளின் போட்டிப் பயணத்துக்குப் போகும். ஃபிரெஸ்னோ நண்பர்கள் சீக்கிரம் வாருங்கள், கத்தரி நாற்று கொஞ்சம்தான் இருக்கிறது. சில்லறையாகக் கொண்டுவந்தால் கல்லாவில் உட்காரும் ஒன்பதாம் வகுப்புக்குப் பெரிய உபகாரம்.

அன்புடன்,
உங்கள் பயிற்சி ஆசிரியை